பாலிமர் துப்பாக்கியும் பிரிக்காத பையும்

தலைமை நாற்காலியில் அமர்ந்து, மேசை மணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, பத்தாவது நிமிடத்துக்காகக் காத்திருக்கும் அவைத்தலைவர் மரியம்மாள் அம்மையார் அவர்களே. முழங்கால் வலியை மறைத்து முன்வரிசையில் முறுவலோடு அமர்ந்திருக்கும் மூத்தோர்களே. சிராங்கூன் சாலையில் சாமான் வாங்கிய கையோடு, முருங்கைக்காய் எட்டிப் பார்க்கும் பைகளையும் தூக்கிக்கொண்டு தமிழ் கேட்க மாடியேறி வந்த தாய்மார்களே. கைபேசியை அணைத்துவிட்டதாக எல்லாரையும் நம்பவைத்திருக்கும் இளைய நண்பர்களே! உங்கள் ஒவ்வொருவரையும் வணங்கி, தோ பாயோ வட்டாரத்து முத்தையா பேச வந்திருக்கிறேன்.

இந்த மன்றத்தின் ஆண்டுவிழா வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பேச்சாளரும் தம் தொழிலில் அன்றாடம் தொடும் ஒரு பொருளை எடுத்து, அதன் நிறையையும் குறையையும் நல்ல தமிழில் எடைபோட வேண்டும். எனக்கு முன் பேசிய தாதி அனுப்ரியா காய்ச்சல்மானியைப் பற்றிப் பேசிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். நான் எடைபோட வந்திருக்கும் பொருள் துப்பாக்கி.

ஏன் அம்மா, பையை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறீர்கள்? கொண்டுவரவில்லை. இந்த ஊரில் ஒரே ஒரு தோட்டாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போனாலும் சிறையும் பிரம்படியும்தான் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கு அதைவிட நன்றாகத் தெரியும். நான் கொண்டுவந்திருப்பது ஒரு கதையும் ஒரு குற்ற ஒப்புதலும் மட்டுமே.

சாங்கியில் விமானச் சரக்கு வளாகம் ஒன்றைக் காக்கும் பாதுகாப்பு நிறுவனத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் ஆயுதப் பயிற்றுநர். சென்ற ஆண்டு எங்கள் பழைய ரிவால்வர்களுக்கு விடைகொடுக்க நிறுவனம் முடிவு செய்தது. பாலிமர் உடல் கொண்ட அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் பத்து, சோதனைக்காக வந்து இறங்கின. மூன்று வாரம், நாற்பது பேர், ஆளுக்குத் தடவைக்கு முப்பது தோட்டா. சுட வையுங்கள், பாருங்கள், எழுதுங்கள், கையெழுத்திடுங்கள் என்று பொறுப்பை என் தலையில் வைத்தார்கள். தலையும் கொஞ்சம் கனத்துத்தான் போனது.

அரைத் தானியங்கி என்றால் என்ன? விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா போகும். அடுத்தது தானே ஏறி நிற்கும். மறுபடி இழுத்தால்தான் அதுவும் போகும். பாலிமர் என்றால் என்ன? பெயர் பெரிது, பொருள் நம் வீட்டுச் சொந்தக்காரன்: உரமேற்றிய பிளாஸ்டிக். குழல் எஃகு, மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம் எஃகு, கை பிடிக்கும் உடல் மட்டும் பிளாஸ்டிக்.

நிறையைச் சொல்லவா? சொல்கிறேன். எடை குறைவு. பன்னிரண்டு மணி நேரம் இடுப்பில் இரும்பைச் சுமந்தவனுக்குத்தான் தெரியும், கால் கிலோ குறைந்தால் அது என்ன பெருவாழ்வு என்று. கடற்காற்று கடித்தாலும் அந்த உடல் துருப்பிடிக்காது. வெயிலில் நின்றாலும் வியர்வையில் நனைந்தாலும் அது முகம் சுளிக்காது. பழையதில் ஆறு தோட்டா, இதில் பதினைந்து. பழையதைப் பிரித்தால் கடிகாரக் கடைபோல உதிரிகள். இதைப் பிரித்தால் நான்கைந்து துண்டு, துடை, பூட்டு, போ.

அப்படியானால் குறையே இல்லையா? ஏன் இல்லை? எடை குறைந்தால் உதைப்பு கூடும். சுமக்கையில் சுகம் தந்தது சுடுகையில் கையைத் தூக்கி எறியும். பக்கவாட்டில் கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் தாழ்ப்பாள் இதில் கிடையாது. பாதுகாப்பு விசைக்குள்ளேயே இருக்கிறது, ஆகவே விரலுக்குக் கட்டுப்பாடு இல்லாதவனுக்கு இது ஆகாது. துடைப்பதற்காகப் பிரிக்கும்போதும் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்க்காதவன், துப்பாக்கியைத் துடைக்கமாட்டான்; கூரைக்கு ஜன்னல் வைப்பான்.

இவ்வளவும் எழுதினேன். பன்னிரண்டு பக்கம் எழுதினேன். பத்தாம் பக்கத்தில் இன்னொன்றும் எழுதினேன்: "நாற்பது பேரில் எழுவர் தேறவில்லை. காரணம், பயிற்சிக் குறைவு."

அந்த எழுவரில் ஒருவர் சார்ஜெண்ட் ஹம்னா. குவீன்ஸ்டவுன்காரர், ஆயுதப் பணியில் பதினான்கு ஆண்டு. பழைய ரிவால்வரில் முப்பதுக்கு இருபத்தெட்டுக்குக் கீழே அவர் இறங்கியதே இல்லை. புதியதில் எத்தனை? தேறுவதற்கு இருபத்து நான்கு வேண்டும். முதல் தடவை இருபத்தொன்று. இரண்டாம் தடவை இருபது. இரு தடவை தேறாதவர் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, வாசல் தடுப்புக்கட்டையை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பது விதி. திங்கட்கிழமை என் அறிக்கை மேலே போகும். செவ்வாய்க்கிழமை ஹம்னாவின் இடுப்பு வெறுமையாகும். பதினான்கு ஆண்டு உழைப்புக்கு அதுதான் முடிவு என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் என் அறைக்கு வந்தார்.

"சார், என் விரல் விசைக்குச் சரியா எட்டல. நுனிதான் படுது. பிடி ரொம்பப் பெருசு லா."

நான் என்ன சொன்னேன்? மேடைப் பேச்சாளன் அல்லவா, பழமொழி நாக்கிலேயே குடியிருக்கிறது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"சார், நான் போட்ட ஓட்டையெல்லாம் எங்க இருக்கு, பாத்தீங்களா?" என்று தம் இலக்குத் தாளை மேசைமீது விரித்தார்.

அன்பர்களே, அந்தத் தாளில் ஏற்கெனவே நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஆனால் அப்போதுதான் பார்த்தேன். ஓட்டைகள் சிதறிக் கிடக்கவில்லை. ஒரு தோசைக்கரண்டியால் மூடிவிடலாம் போல நெருக்கமாக, அத்தனையும் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தன. தடுமாறும் கை தாளெங்கும் தெளிக்கும். ஒரே இடத்தில் குவிக்குமா? நடுங்காத கை, நன்றாகச் சுடும் கை, ஆனால் நுனி விரலால் விசையைப் பக்கவாட்டில் தள்ளும் கை. இருபத்திரண்டு ஆண்டுப் பயிற்றுநனுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

"இன்னொண்ணும் பாத்தேன் சார். ஃபெயிலான ஏழு பேரும் ஸ்டோர்ல வாங்குறது எஸ் சைஸ் கையுறை. மூணு பொம்பளைங்க, நாலு ஆம்பளைங்க. எல்லாருக்கும் சின்னக் கை" என்றார்.

பயிற்சி குறைவானவர்கள் எல்லாருக்கும் கையும் சிறிதாகவே அமைந்தது என்ன அதிசயம்? பிடியைச் சிறிதாக்க வழி உண்டா என்று பார்க்க ஆயுதக் கிடங்குக்கு ஓடினேன். கிடங்குப் பொறுப்பாளர் அஸ்மத், பொருள்களைத் தம் பிள்ளைகளைப்போல் காப்பவர். துப்பாக்கி வந்த பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே, அடியில், ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பிடியின் முதுகில் மாட்டும் பட்டைகள் இரண்டு, சிறியது ஒன்று, பெரியது ஒன்று. துப்பாக்கியில் மாட்டியே வந்தது நடுத்தரம். கைக்கேற்ப மாற்றிக்கொள்ளத்தான் அவற்றைச் செய்தவன் கொடுத்திருக்கிறான். இந்த வகைத் துப்பாக்கியின் தலையாய நிறையே அதுதான். பத்துப் பெட்டி, பத்துப் பை, ஒன்றின் வாயும் பிரிக்கப்படவில்லை.

"ஏன் அஸ்மத் பாய், இதை ஏன் பிரிக்கல?"

"சோதனைக்கு வந்த பொருள் சார். திருப்பிக் குடுக்கும்போது பை பிரிக்காம அப்படியே இருக்கணும்னு ஆர்டர்."

"யார் போட்ட ஆர்டர்?"

அஸ்மத் கோப்பைத் திறந்து காட்டினார். என் கையெழுத்து. அழகாக, சாய்வாக, கீழே ஒரு கோடும் போட்டிருந்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். தொலைக்காட்சி ரிமோட்டை இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள். ஒன்று, இரண்டு, ஐந்து... போதும், எண்ண முடியவில்லை. அவைத்தலைவர் கையும் உயர்ந்திருக்கிறது. புது சோஃபாவின் உறையைக் கழற்றாமலே மூன்று தீபாவளி கொண்டாடிய வீடு என் வீடு. வியர்வை ஒட்டி, எழும்போது தோலே உரிந்தாலும் உறையை உரிக்கமாட்டோம். ஏன்? கெட்டுவிடக் கூடாதாம். பொருள் கெடாமல் பார்த்துக்கொண்டேன் ஐயா. ஏழு பேர் பிழைப்பு கெட இருந்தது.

மணியை அடித்துவிட்டீர்கள் அம்மையாரே. கேட்டது. ஆனால் கதையை இங்கே நிறுத்தினால் இந்தத் தாய்மார்கள் உங்களைத்தான் கேட்பார்கள், என்னை அல்ல.

ஹம்னாவிடம் திரும்பிப் போனேன். "உங்களுக்கு மட்டும் ஒரு தனிக் கடிதம் எழுதித் தர்றேன். விலக்கு குடுத்துருவாங்க" என்றேன். கோழைக்குத் தோன்றும் குறுக்குவழி அது. என் அறிக்கையும் பிழைக்கும், அவர் வேலையும் பிழைக்கும்.

"எனக்கு மட்டும் வேணாம் சார். மத்த ஆறு பேரும் என்ன பண்ணுவாங்க? அப்புறம், எனக்குச் சலுகை வேணாம். அந்தச் சின்னப் பட்டையை மாட்டிக் குடுங்க. சுடுறேன். அதுலயும் ஃபெயிலானா நானே போயிடுறேன்."

திங்கட்கிழமை காலை, செயல்பாட்டு மேலாளர் திலீப் முன்னால் போய் நின்றேன். அறிக்கையைத் திரும்பக் கேட்டேன்.

"முத்தையா, லிஸ்ட் ரெடி. எல்லாம் மேல போகப் போகுது. நீங்க சைன் பண்ண ரிப்போர்ட் லா. இப்ப நீங்களே தப்புங்கிறீங்களா?"

"ஆமா சார். துப்பாக்கி மேல தப்பில்ல. சுட்டவங்க மேலயும் தப்பில்ல. நான்தான் தப்பு."

"உங்களை டிரெய்னரா வச்சிருக்கலாமான்னு மேல கேப்பாங்க, தெரியுமா?"

தெரியும். ஆனால் அந்த அறைக்கு வெளியே எழுவர் நின்றிருந்தார்கள். அவர்களுடைய எழுபது விரல்களையும் குறைசொல்லிவிட்டு என்னுடைய ஒரு கையெழுத்தைக் காப்பாற்றிக்கொண்டால், அதற்கப்புறம் நான் யாருக்கு எதைக் கற்றுக்கொடுப்பது? அறிக்கையைத் தாருங்கள் என்றேன். அவர் எடுத்துக் கொடுத்தார்.

புதன்கிழமை, சுடுதளம். பத்துப் பைகளையும் அஸ்மத் பாயே பிரித்தார்; ஒவ்வொன்றைப் பிரிக்கும்போதும் ஒரு பெருமூச்சு. சிறிய பட்டையை மாட்டினோம். எழுவரும் சுட்டார்கள். அறுவர் தேறினார்கள். ஏழாமவர் தேறவில்லை. "எனக்குப் பிரச்சினை கை இல்ல சார், கண்ணாடிதான் மாத்தணும்" என்று அவரே ஒப்புக்கொண்டு, மாற்றி, அடுத்த மாதம் தேறினார்.

ஹம்னா எத்தனை? முப்பதுக்கு இருபத்தொன்பது. தாளை என்னிடம் நீட்டினார். "மன்னிச்சிடுங்க" என்றேன் நான். கண் கலங்கியதையும் மறைக்காமல் சொல்கிறேன், உங்கள் முன் எனக்கு என்ன வெட்கம்?

பெரியோர்களே, தாய்மார்களே! வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். உண்மைதான். ஆனால் வல்லவர் கையில் புல்லைத் திணித்துவிட்டு, வாள்வீச்சு வரவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமா? பள்ளியில் ஒரு பிள்ளை பின்தங்கினால் பிள்ளையைப் பார்க்கிறோம். அது அமர்ந்திருக்கும் நாற்காலியைப் பார்த்தோமா? அலுவலகத்தில் ஒருவர் தடுமாறினால் ஆளைப் பார்க்கிறோம். அவருக்கு நாம் கொடுத்த கருவியைப் பார்த்தோமா? தேறவில்லை என்று எழுதுமுன், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியின் அடிவரை கைவிட்டுப் பார்த்தோமா? பார்க்காமல் எழுதுகிறவன் எழுதுவது அறிக்கை அல்ல. அது தண்டனை.

புதிய அறிக்கையில் நிறைகளை எழுதினேன். குறைகளையும் எழுதினேன். குறைகளின் முதல் வரியில், "சோதித்தவர் பெட்டியை முழுதாகத் திறக்கவில்லை" என்று எழுதி, என் பெயரையும் சேர்த்தேன். அந்த வரியை எடுத்துவிடலாமே என்றார் திலீப். எடுக்கவில்லை. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. நானும் வேலையில்தான் இருக்கிறேன். ஆனால் அடுத்த சோதனையின் பொறுப்பு என்னிடம் இல்லை. அதற்குச் சரியான ஆள் யார் என்று கேட்டார்கள். ஒரே ஒரு பெயரைச் சொன்னேன்.

இந்த மேடையில் உங்கள் பெயரைச் சொல்லலாமா என்று ஹம்னாவிடம் கேட்டேன். "தாராளமா சொல்லுங்க சார், உங்க தப்பையும் சேத்துச் சொல்றதா இருந்தா" என்றார். சொல்லிவிட்டேன். நாம் இங்கே குளிரூட்டிக்குக் கீழே அமர்ந்து தமிழ் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், சாங்கியில் சரக்கு வாசலில், தம் கைக்குச் சரியாகப் பொருந்திய துப்பாக்கியை இடுப்பில் அணிந்து, சார்ஜெண்ட் ஹம்னா காவல் நின்றுகொண்டிருக்கிறார்.

என் தவற்றைப் பொறுமையாகக் கேட்ட அவைக்கும், மணியை இரண்டாம் முறை அடிக்காத அம்மையாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.