நெல்லையப்பன் வீட்டுக் கம்பம்

...சரி, கை தட்டினது போதும். ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு ஒரு குட்டிக் கதை சொல்லட்டுமா? சொல்லட்டுமா? ...பின்னால உக்காந்தவங்க தலையாட்டுறாங்க, முன்வரிசை என்னைச் சந்தேகமா பாக்குது. நல்லது! கதையே சந்தேகத்தைப் பத்தினதுதான்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தெரு. அங்க நெல்லையப்பன்னு ஒருத்தர், கூட்டுறவு பாங்கில வேலை. உசுரு எதுல? ரேடியோவுல! பாட்டு கேக்கிற ரேடியோ இல்லைங்க. இங்கேருந்து பேசினா வேற தேசத்துல ஒருத்தர் கேட்டுப் பதில் பேசுவாரே, அந்த ஹாம் ரேடியோ. முறையா லைசென்ஸ் வாங்கினவர். சாயந்தரமானா பினாங்குல சுப்பையான்னு ஒரு சிநேகிதரோட பேசுவார். அந்த மனுஷன் படுத்த படுக்கை. ரெண்டு பேரும் நேர்ல பாத்ததே இல்லை. ஆனா நெல்லையப்பன் குரல் வராத அன்னிக்கு அவருக்குச் சோறு இறங்காது. குரல் இன்னும் தெளிவா கேக்கட்டுமேன்னு, நெல்லையப்பன் மொட்டைமாடியில உசரமா ஒரு இரும்புக் கம்பம் நட்டார். நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார். உச்சியில ஏரியல் மாட்டினார்.

அவ்வளவுதான்... தெருவுக்கே கழுத்து வலி! எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தா வலிக்காதா?

"இது செல்போன் டவராம்க்கா... கதிர்வீச்சு வருமாம்!"

"கதவைச் சாத்திக்கிட்டு யார்கிட்டயோ பேசுதாரே, ஒற்றரா இருப்பாரோ?"

"எங்க வீட்டு முருங்கை பூக்கலியே, இந்தக் கம்பத்தாலதான்!"

முருங்கை பூக்காததுக்கும் அவர்தான் காரணமாம். கேட்டுக்குங்க!

எதிர்வீட்டில கோமதிநாயகம் அண்ணாச்சி. சாயந்தரம் டிரான்சிஸ்டர்ல செய்தி கேட்டாத்தான் அவருக்குக் காபி ருசிக்கும். கம்பம் வந்த மாசத்துலேருந்து, விளக்கு வைக்கிற நேரமானா அவர் ரேடியோவுல ஒரே இரைச்சல்... கர்ர்ர்ர்! யாரைச் சந்தேகப்படுவார்? கம்பத்தைத்தான்.

ஆனா கேளுங்க... நெல்லையப்பன் செட்டுலயும் அதே கர்ர்ர்ர்! பினாங்குக் குரல் அந்த இரைச்சலுக்குள்ள முங்கிப் போச்சு. அவர் யாரைச் சந்தேகப்பட்டார்? எதிர்வீட்டை! 'கம்பம் பொறுக்காம அண்ணாச்சி வேணும்னே ஏதோ மெஷின் ஓட்டுதாரு.' ஜன்னல் வழியா இவர் அவரைப் பாக்க, அவர் இவரைப் பாக்க... ரெண்டு வீட்டுக்கும் பேச்சே நின்னு போச்சு.

ஒரு சாயந்தரம் தெருவே திரண்டு வந்துட்டுது. கம்பத்தை அறுக்க ஆளையும் கையோட கூட்டிட்டு வந்துட்டாங்க!

நெல்லையப்பன் சொன்னார்: "என் செட்டு அணைஞ்சுதான் இருக்கு. வந்து பாருங்க."

"என் ரேடியோ இன்னும் இரையுதே! அணைச்ச மாதிரி நடிச்சா எங்களுக்குத் தெரியுமாவே?"ன்னார் கோமதிநாயகம் அண்ணாச்சி.

"சரி அண்ணாச்சி. உங்க ரேடியோவையே எடுங்க. நீங்களே கையில வச்சு நடங்க. இரைச்சல் எங்க கூடுதோ, அங்கதான் வில்லங்கம். என் கம்பத்துக்குக் கீழ கூடுச்சுன்னா நானே அறுத்துப் போடுதேன்."

மாடிக்குப் போனாங்க. கம்பத்துக்குக் கீழ நின்னாங்க... இரைச்சல் குறைஞ்சுது! உடனே ஒருத்தர், "ரேடியோவுக்கு ஏதோ பண்ணிட்டாரு!" கீழ இறங்கினாங்க. நெல்லையப்பன் வீட்டு நடையில கால் வச்சதும்... கர்ர்ர்! "பாத்தியா! பாத்தியா!" நெல்லையப்பனுக்கு முகம் செத்துப் போச்சு. ஆனா மனுஷன் நிக்கல. உள்ள நடந்தார். பூஜை அலமாரி பக்கம் போனதும் கர்ர்ர்ர்ர்! முருகன் படத்துக்கு முன்னால ஒரு சின்ன கரண்டு விளக்கு, மினுக்கு மினுக்குன்னு. மலிவு விளக்கு, அதோட கரண்டுதான் ரேடியோவைக் கெடுத்திருக்கு. பிளக்கைப் பிடுங்கினார். இரைச்சல் பாதியாச்சு.

"என் வீட்டுலதான் இருந்திருக்கு அண்ணாச்சி. கம்பத்துல இல்ல, இங்க." எல்லார் முன்னாலயும் சொன்னார்.

"அப்போ மீதிப் பாதி?"

மீதிப் பாதி பக்கத்து வீட்டுல! பகவதி அக்கா வாசலை மறிச்சு நிக்குறா. "இங்க எதுக்கு வாரீக? நாங்க என்ன கம்பமா நட்டிருக்கோம்?" உள்ள எட்டிப் பாத்தா... அதே விளக்கு! அடுத்த வீட்டுல அதே விளக்கு. அதுக்கடுத்த வீட்டுல அதே விளக்கு. கம்பம் அறுக்க வந்த சனம் பூரா அவங்கவங்க வீட்டுக்கு ஓடிப் பிளக்கைப் பிடுங்குது!

எல்லார் வீட்டுக்கும் ஒரே விளக்கு எப்படி வந்துச்சு? கம்பம் நட்ட அதே மாசம் ஒரு கல்யாணம். தாம்பூலப் பையில தேங்காய்க்குப் பதிலா ஆளுக்கொரு சாமி விளக்கு. யார் வீட்டுக் கல்யாணம்? ...கோமதிநாயகம் அண்ணாச்சி மகள் கல்யாணம்!

கடைசியா அண்ணாச்சி தன் வீட்டுப் பிளக்கைப் பிடுங்கினார். கையில இருந்த ரேடியோ கணீர்னு செய்தி வாசிச்சுது. நெல்லையப்பன் மாடிக்கு ஓடிப் போய் செட்டைப் போட்டார்... "நெல்லையப்பா... இருக்கியாய்யா?" பினாங்குலேருந்து அந்தக் குரல். அழுதுட்டார் மனுஷன். கம்பம் அப்படியே நின்னுது.

முடிஞ்சுதா? இல்லையே! அண்ணாச்சி அந்த விளக்கை முறைச்சுப் பாத்துச் சொன்னாராம்: "இதை வாங்கச் சொன்னது என் மச்சினன். வேணும்னேதான் செஞ்சிருப்பான்!"

பாத்தீங்களா? சந்தேகம் சாகல... வேற வீட்டுக்குக் குடி போயிட்டுது!

சந்தேகப்படாதீங்கன்னு நான் சொல்ல வரல. நெல்லையப்பன் சந்தேகப்படலையா? பட்டார். ஆனா ரேடியோவைக் கையில எடுக்கச் சொன்னார். முதல் தேடலைத் தன் வீட்டுல ஆரம்பிச்சார். நாம என்ன செய்றோம்? யாரோ சொன்னாங்கன்னு அறுக்க ஆளைக் கூட்டிட்டுப் போறோம்.

வரும்போது பாத்தேன்... உங்க தெருவில வாசலுக்கு வாசல் கேமரா வச்சிருக்கீங்க. நல்லது, வச்சுக்குங்க. ஆனா எல்லாக் கேமராவும் எதிர்வீட்டையே பாத்துக்கிட்டு நிக்குதே... ஒண்ணே ஒண்ணு, ஒரே ஒரு நாள், நம்ம பக்கம் திரும்பினா அதுல என்னய்யா தெரியும்?