ஜப்பான்காரர் விட்ட இடத்திலிருந்து

ஹம்பேர்க் எஸ்-பான் ரயிலில் காலை நேரம். எனக்கு எதிரே முதியோர் இல்லச் சீருடையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவள் சொன்னாள்:

“அந்த ஜப்பான்காரர் செத்துப்போனார், அக்கா. மிச்சக் கதையை இப்ப நான்தான் சொல்லுறன்.”

“ஆர் ஜப்பான்காரர்?”

“அந்தக் காலத்துப் பெரிய எழுத்தாளர். பேப்பரிலை தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கேக்கை வயித்து வருத்தத்திலை போயிட்டார். புத்தகம் அரைவாசியிலை நிக்குது. கண் தெரியாத ஜெர்மன் மனுசி ஒராளுக்கு நான் நாளும் வாசிக்கிறனான் எல்லோ? அவவுக்கு இதைச் சொல்ல மனம் வரேல்லை.”

“கள்ளி! அவவுக்குப் பிடிபடேல்லையோ?”

“இல்லை. சத்தம் கேக்கட்டும் எண்டு பக்கத்தையும் பிரட்டுறன். நேற்றுச் சொல்லுறா...”

“என்னவாம்?”

“முதல் முந்நூறு பக்கமும் சரியான இழுவையாம். இப்பதான் மனுசன் எழுதப் பழகியிருக்கிறாராம்.”