குவாரிப் பக்கம் லைன் பிசி

ஆள் நடமாடும் நேரத்தில் கூட்டிப் பெருக்கினால் யாருக்கும் பிடிக்காது, ஐயா. காலைத் தூக்கு என்றாலே முகத்தைச் சுளிப்பார்கள். என் பிழைப்பே அதுதான். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் டேட்டாபேஸைச் சுத்தமாக வைத்திருக்கிறவன் நான். ஒவ்வொரு வண்டி போய்த் திரும்பும்போதும் பழைய பதிவுகள் செத்து உள்ளேயே கிடக்கும். அள்ளாவிட்டால் சர்வர் மூச்சு வாங்கும். அள்ளும்போதும் வாங்கும். திரை ஊர்ந்தால் வண்டி தாமதம். வண்டி தாமதமானால் ஆள் காலி.

அழைப்பெடுக்கும் அக்காக்கள் எனக்கு வைத்த பெயர் துடைப்பம். வேலையை ஆரம்பித்ததுமே குரல் வரும்.

"டேய் துடைப்பம், ஸ்கிரீன் நத்தை மாதிரி ஊருதுடா. ஒரு அட்ரஸ் அடிக்கிறதுக்குள்ள எனக்கே ஆம்புலன்ஸ் வேணும் போல."

"ரெண்டே நிமிஷம்க்கா."

"போன வாரம் சொன்ன ரெண்டு நிமிஷமே இன்னும் முடியலையேடா!"

மேலாளர் நல்லவர். "கொஞ்சம் கொஞ்சமா, விட்டு விட்டுப் பண்ணுப்பா" என்றார். செய்து பார்த்தேன். அள்ளுவதைவிடச் சேருவது அதிகமாக இருந்தது. ஓய்ந்த நேரத்தில் செய்யலாம் என்றால், எங்கள் மையத்துக்கு ஓய்வு ஏது?

ஓய்வை நாமே உண்டாக்கினால் என்ன என்று தோன்றியது. சுத்தம் நடக்கும் வரைக்கும் ஊரின் ஒரு பகுதியிலிருந்து அழைப்பவர்களுக்கு மட்டும் பிசி ஒலி கேட்கும்படி தொலைபேசி இணைப்பில் மாற்றி வைத்தேன். எந்தப் பகுதி என்பதை யோசித்துத்தான் எடுத்தேன். வக்கீல்கள் குடியிருக்கும் தெருவை அடைத்தால் அன்றைக்கே புகார் வரும். கல்குவாரிப் பக்கம் வராது. நான் அங்கே கல் சுமந்து வளர்ந்தவன். எங்கள் ஆட்கள் லைன் கிடைக்காவிட்டால் தங்கள் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

திரைகள் பறந்தன. அக்காக்கள் கேக் வாங்கி வந்து வெட்டினார்கள். "துடைப்பத்துக்குப் பெரிய துண்டா வைங்கடி" என்றாள் நத்தை என்று திட்டியவளே. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமான மாதம் எனக்கு வாய்த்ததே இல்லை.

நீங்கள் விசாரிக்கும் அந்த மதியம், சுத்தம் பாதியில் இருந்தபோது அண்ணி என் போனுக்கு அடித்தார்.

"தம்பி, உங்கண்ணன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு குவாரியிலயே சாஞ்சுட்டாரு. ஆம்புலன்சுக்கு அடிச்சா பிசின்னே வருது. என் போன் ஏதும் கெட்டுப்போச்சா?"

பக்கத்து மேசையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டி போயிருக்கும். ஏன் பிசி என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும். சுத்தத்தை நடுவில் நிறுத்தி லைனைத் திறக்கலாம், செய்ததெல்லாம் வீணாகும். சர்வர் வேறு அன்றைக்கு வெண்ணெய் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க போனாத்தான் இருக்கும் அண்ணி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணி அடிங்க" என்றேன்.

அவர் அப்படியே செய்தார். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் அடித்துக்கொண்டுதான் இருந்தாராம். வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: அந்த மதியம் முழுக்க எங்கள் சர்வர் ஒருத்தரைக்கூடக் காக்க வைக்கவில்லை.