பழுப்பு பிடிச்சிருச்சு

– கண்டக்டர் மூஞ்சிய நீ பாத்திருக்கணும் செல்வி! ‘அண்ணே, பாட்டில் தண்ணிய ஜன்னல் வழியா ஊத்துங்க, கண்ணெரியுது’ங்கிறான். வாடிப்பட்டியிலேருந்து படியிலயே நின்னு வந்தேன்.

– ஒரு வாரமா இதையேதானங்க சொல்றீங்க. ஊத்தாமக் கொண்டாந்தீங்கள்ல, புண்ணியமாப் போகும். அந்த பார்மலின் இல்லேன்னா சதை கெட்டுப்போயிரும், டெஸ்ட்டே பண்ண முடியாது.

– மதுரைக்கு நம்ம கடைப் பூட்டக் குடுக்கப் போனவன் கையில, எவளோ ஒருத்தி மார்க்கட்டியில கிள்ளுன சதைய பாட்டில்ல போட்டுக் குடுத்துவிடுறா ஒன் சிநேகிதி, அந்த சர்ஜன் ரோசலின்! பேராசிரியர் புருசன்னா கூரியர்க்காரனா? அதுக்கு மொதநாள் நீயும்தான் மாநாட்டுக்குன்னு மதுரை போன. நீயே தூக்கிட்டு வந்தா என்னவாம்?

– அதத் தூக்குற தெம்பு அன்னைக்கு எனக்கில்லங்க. செத்த நேரம் பேசாம இருங்க, மைக்ராஸ்கோப்புல எண்ணிக்கிட்டிருக்கேன்.

– என்னத்த?

– சாயம் போட்டதுல பழுப்பு பிடிச்ச செல்லுகள. பிடிச்சிருந்தா அது மாத்திரைக்கு மசியுற கட்டி. பிடிக்கலையா, அந்த மாத்திரை கேக்காது. அப்புறம் பாடு திண்டாட்டம்தான்.

– கலர் பாக்குறதுக்குத்தான் இம்புட்டு வருசம் ஆராய்ச்சியா? நம்ம பிரியாணி மாஸ்டர் கலரப் பாத்தே உப்புச் சொல்லுவான்!

– அவரு தப்பாச் சொன்னா ஒரு அண்டா சோறு போகும். நான் தப்பாச் சொன்னா ஆளே போயிரும்.

– சரி தாயி, வாய மூடிக்கிறேன்.

– ஏங்க…

– என்ன?

– பிடிச்சிருச்சுங்க! இந்தா, பூராம் பழுப்பு! மாதாவே, எம்புட்டு அழகா இருக்கு! மொத வேலையா ரோசலினுக்கு எஸ்டிடி போடணும்.

– அடியே, என்ன அழுகுற? ஆயிரம் பேரு கட்டியப் பாத்தவ நீ. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பாத்ததில்லயே.

– பயந்து செத்தேங்க. ஒரு வாரமா ஒரு வாய் சோறு எறங்கல.

– அதான் தட்டு அப்படியே கெடந்துச்சா? நான் மீன்கொழம்புதான் சரியில்லன்னு நெனச்சேன். விடு, யாரு பெத்த மகராசியோ, நல்லாருக்கட்டும். ஞாயித்துக்கிழமை பூசையில வேண்டிக்கச் சொல்லி சாமியார்ட்ட பேரு குடுத்துர்றேன். அவ பேரென்ன?

– சகாயசெல்வி. பூட்டுக்கடை ஆனந்த்ராஜ் சம்சாரம்.