வாங்க முடிவு செய்தவர் யார்?

நாத்தனார்: …அப்ப இந்த லேப்டாப் கம்பெனி ஃபாரத்துல எடைக்கு என்ன போட அண்ணி? குறைவு, மிதம், அதிகம். மூணுல ஒண்ணு சொல்லுங்க.

அண்ணி: இஸ்திரிப் பெட்டியைவிடக் குறைவு.

நாத்தனார்: அப்படி ஒரு கட்டமே இல்லை.

அண்ணி: சரி, மிதம்னு போடு. கத்தரியைவிட அதிகம்தானே.

நாத்தனார்: தையல் கடைச் சாமானை வெச்சா லேப்டாப்பை அளப்பாங்க…

அண்ணி: என் கருத்தைத்தானே கேக்கறாங்க? என்கிட்ட இருக்கறதை வெச்சுத்தான் நான் அளக்க முடியும். நீ மட்டும் என்னவாம்? உன் கண்ணாடிக் கடைக்கு யார் வந்தாலும் மூக்கைத்தான் முதல்ல பார்க்கறே.

நாத்தனார்: மூக்கு சரியா இல்லைன்னா கண்ணாடி நிக்காது அண்ணி.

அண்ணி: அதேதான். மேல என்னென்ன போட்டிருக்கே, ஒரு தடவை படி.

நாத்தனார்: "எத்தனை நாட்களாகப் பயன்படுத்துகிறீர்கள்?" முப்பது. "யாருடைய பயன்பாட்டுக்காக?" மனைவி. "வாங்க முடிவு செய்தவர் யார்?" கணவர். "முந்தைய கணினியை மாற்றியதற்கான காரணம்"… இதைக் காலியா விட்டிருக்கேன்.

அண்ணி: காலியாவே இருக்கட்டும்.

நாத்தனார்: எல்லாக் கட்டத்தையும் நிரப்பினாத்தான் இன்னொரு வருஷம் கேரண்டி தருவாங்களாம். அனுப்ப இன்னிக்குத்தான் கடைசி நாள்.

அண்ணி: திருப்பிக் குடுக்கவும் இன்னிக்குத்தான் கடைசி நாள்.

நாத்தனார்: அண்ணன் சொன்னாரா?

அண்ணி: ரெண்டு தடவை. பல் தேய்க்கும்போது ஒண்ணு, ஷூ மாட்டும்போது ஒண்ணு. பழைய லேப்டாப்பை ரிப்பேருக்குக் குடுத்திருக்காராம், அந்த ஆள் மதியத்துக்குள்ள வீட்டுக்குப் போன் பண்ணுவாராம். அது பிழைச்சுக்கிட்டா, புதுசை ஏழு மணிக்குள்ள கடையில திருப்பிடலாம், ஒரு வீட்டுக்கு ரெண்டு எதுக்குன்னார்.

நாத்தனார்: நீங்க என்ன சொன்னீங்க?

அண்ணி: சரின்னேன்.

நாத்தனார்: சரியா? அடுத்த செவ்வாய்க்கிழமை உங்களுக்குக் கம்ப்யூட்டர் டிசைன் வகுப்புல பரீட்சை. அந்தப் பழசை வெச்சுக்கிட்டு…

அண்ணி: அது பிழைக்காது.

நாத்தனார்: எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?

அண்ணி: ஒரு நம்பிக்கைதான். அடுத்த கேள்வி.

நாத்தனார்: "திறக்க ஆகும் நேரம் திருப்தி அளிக்கிறதா?"

அண்ணி: இல்லை.

நாத்தனார்: இல்லையா? பத்து விநாடியில திறக்குது அண்ணி.

அண்ணி: அதான் பிரச்சினை. பழசுல பட்டனை அமுக்கினா இருபது நிமிஷம். அதுக்குள்ள ரெண்டு பேன்ட்டுக்குக் கால் மடிச்சுத் தைச்சுடுவேன். இப்ப ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள திறந்துட்டு என்னையே பார்த்துக்கிட்டு நிக்குது. கடை வேலை எல்லாம் பின்தங்கிப் போச்சு.

நாத்தனார்: …"திருப்தி" போட்டுட்டேன்.

அண்ணி: உன் இஷ்டம்.

நாத்தனார்: "விரல் ரேகை வைத்துத் திறக்கும் வசதி?"

அண்ணி: கட்டை விரலை வெச்சா நான் யாருன்னே தெரியலைங்குது. ஆள்காட்டி விரலும் அப்படித்தான். பதினெட்டு வருஷம் ஊசி குத்தினதுல ரேகை எல்லாம் தேஞ்சு போச்சு. மோதிர விரலை வெச்சப்பதான் உள்ள விட்டுது.

நாத்தனார்: மோதிரத்துக்குத்தான் மரியாதை.

அண்ணி: உங்க அண்ணன் போட்ட மோதிரம். அவர் வாங்கின லேப்டாப். ஒண்ணுக்கொண்ணு தெரிஞ்சிருக்கும்.

நாத்தனார்: "சத்தம்?"

அண்ணி: இல்லவே இல்லை. பழசு இரைக்க இரைக்க மூச்சு விடும், உயிரோட இருக்குன்னு தெரியும். இது ஓடுதா நின்னு போச்சான்னே தெரியலை. முதல் வாரம் அப்பப்போ புறங்கையை வெச்சுத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் பார்க்கற மாதிரி.

நாத்தனார்: "திரையின் தெளிவு?" இப்படி வெச்சாத் தெளிவா, அப்படி வெச்சாத் தெளிவா?

அண்ணி: உன் கடையில கேக்கற மாதிரி கேக்காதே. தெளிவா இருக்கு. போன வாரம் ஒரு சட்டைக் கை வரைஞ்சேன். தோள்பட்டை வளைவு இருக்கே, அது பேப்பர்ல எனக்கு ஒரு நாளும் ஒரே தடவையில வந்ததில்லை. இதுல பெரிசாக்கிப் பார்த்து, நூல் இழை மாதிரி இழுத்து… வகுப்புல டீச்சர் என் திரையை எல்லாருக்கும் திருப்பிக் காட்டினாங்க.

நாத்தனார்: சொல்லவே இல்லையே.

அண்ணி: சொல்ற மாதிரி ஒண்ணுமில்லை. அதுக்கு முந்தின மாசம் அதே டீச்சர் என்னைப் பக்கத்து ஆள் திரையைப் பார்த்துக்கச் சொன்னாங்க. மூணு தடவை வரைஞ்சதை மூணு தடவையும் அந்தப் பழசு முழுங்கிடுச்சு. ஒரு பிள்ளை, என் பொண்ணு வயசு இருக்கும், "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க, எனக்கு மறைக்குது"ன்னா.

நாத்தனார்: அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஒண்ணும் பேசாம மெஷின்லயே உட்கார்ந்திருந்தீங்க.

அண்ணி: அன்னிக்குத்தான். உங்க அண்ணன்கிட்ட அதுக்கு முன்னால ஒரு வருஷமா கேட்டுட்டிருந்தேன். அவர் ரிப்பேர் பார்க்கற லிஃப்டுல ஒண்ணு அவரைவிட மூத்ததாம், இன்னும் ஏறி இறங்குதாம். ஓடறதை எதுக்கு மாத்தணும்னார்.

நாத்தனார்: கடைசியில அவர் தண்ணி பாட்டில் ஒழுகித்தானே அது நின்னுச்சு… அதாவது, அவர் அப்படித்தானே நினைச்சுக்கிட்டிருக்கார்.

அண்ணி: ம்.

நாத்தனார்: பாவம் அண்ணன்.

அண்ணி: ம். அடுத்த கேள்வி.

நாத்தனார்: அண்ணி… அந்த ரிப்பேர்க்காரர் முழுசா பிரிச்சுப் பார்ப்பாரா?

அண்ணி: பிரிக்காம எப்படிப் பார்ப்பார்?

நாத்தனார்: உள்ள என்ன போயிருக்குன்னு கண்டுபிடிக்க முடியுமா? தண்ணியா, வேற எதாவதான்னு…

அண்ணி: …முடியுமா?

நாத்தனார்: நான்தான் உங்களைக் கேட்டேன்.

அண்ணி: காஞ்சு ஒரு மாசம் ஆச்சே. முடியாதுன்னு நினைக்கறேன். உனக்கு எதுக்கு அது?

நாத்தனார்: சும்மாதான்.

அண்ணி: பேட்டரி கேள்விக்கு வா.

நாத்தனார்: அண்ணன் முந்தாநேத்து எங்க நின்னு தண்ணி குடிச்சார் தெரியுமா? மாடிப்படியில. பாட்டிலை வீட்டுக்குள்ளயே கொண்டு வர்றதில்லை. செருப்பு ஸ்டாண்ட் மேல வெச்சிருக்கார். மூடியை ஸ்பேனர் போட்டு முறுக்கின மாதிரி முறுக்கி வெச்சிருக்கார், எனக்குத் திறக்க வரலை.

அண்ணி: தெரியும். ராத்திரி தாகம் எடுத்தாலும் எழுந்து வெளியே போறார்.

நாத்தனார்: உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?

அண்ணி: பேட்டரி ஏழு மணி நேரம் நிக்குது. எழுதிக்கோ.

நாத்தனார்: லேப்டாப் கடையில என்ன பண்ணினார்னு சொன்னேனே… விற்கற ஆள் சின்னதுலேர்ந்து காட்ட ஆரம்பிச்சார். அண்ணன் கையைக் கட்டிக்கிட்டு, "என் கவனக்குறைவால ஒருத்தர் படிப்பு நிக்குது, இருக்கறதுலயே நல்லது எடுங்க"ன்னார். லிஃப்ட் அறுந்து விழுந்த மாதிரி நின்னார் அண்ணி. நான் பக்கத்துல நின்னு சுவத்துல இருந்த போஸ்டரைப் படிச்சுக்கிட்டிருந்தேன்.

அண்ணி: என்ன போஸ்டர்?

நாத்தனார்: ஞாபகம் இல்லை. படிக்கற மாதிரி நின்னேன். …அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்.

அண்ணி: சார்ஜர் வயர் கட்டைன்னு எழுதிட்டுச் சொல்லு.

நாத்தனார்: தண்ணி பாட்டில் இல்லை. நான்தான்.

அண்ணி: …என்ன நீதான்?

நாத்தனார்: டீ. அன்னிக்கு எனக்கு லீவு. நீங்க கடைக்குப் போனதுக்கப்புறம் சம்பளச் சீட்டைப் பார்க்கலாம்னு பழசைத் திறந்தேன். பட்டனை அமுக்கினேன். எப்படியும் இருபது நிமிஷம் ஆகும்னு டீ போட்டு எடுத்துட்டு வந்து பக்கத்துல வெச்சேன். போனை எடுக்கப் போனேன், முழங்கை பட்டுடுச்சு. அரை டம்ளர் அப்படியே உள்ள.

அண்ணி: மூணு ஸ்பூன் சர்க்கரையோட.

நாத்தனார்: மூணு ஸ்பூனோட. துடைச்சேன், கவுத்துப் போட்டு ஃபேனுக்குக் கீழ வெச்சேன், திரும்ப அமுக்கினேன், வரவே இல்லை. மூடி வெச்சுட்டேன். சாயந்திரம் அண்ணன் வந்து பாட்டிலைப் பக்கத்துல வெச்சார், அதுல கொஞ்சம் ஒழுகியிருந்துது… அவரே தலையில கை வெச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டார். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?

அண்ணி: ஒரு மாசமாவா இதை வெச்சுக்கிட்டிருந்தே?

நாத்தனார்: மாடிப்படியில அவர் தண்ணி குடிக்கற சத்தம் கேக்கும் அண்ணி. மடக் மடக்குன்னு. எனக்கு டீயே இறங்கறதில்லை. இன்னிக்குச் சாயந்திரம் வந்ததும் சொல்லிடப் போறேன்.

அண்ணி: வேண்டாம்.

நாத்தனார்: ஏன்?

அண்ணி: சொன்னா, அவர் தப்பு இல்லைன்னு ஆயிடும். அவர் தப்பு இல்லைன்னா இது எதுக்கு வாங்கினோம்னு யோசிப்பார். ஏழு மணி வரைக்கும் கடை திறந்திருக்கு.

நாத்தனார்: பழசு செத்துப் போனா புதுசு வேணும்தானே? யார் கொன்னா என்ன?

அண்ணி: அவருக்கு அப்படி இல்லை. வேணும்னா ஆபீஸ்ல கழிச்சுப் போட்டதை ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வருவார். இன்னும் பத்து வருஷம் ஓடும்பார். நீ பேசாம இரு, பரீட்சை முடியட்டும்… போன் அடிக்குது பாரு.

நாத்தனார்: ரிப்பேர்க்காரர்தான். ஸ்பீக்கர்ல போடறேன். …ஹலோ.

ரிப்பேர்க்காரர்: லிஃப்ட் சார் வீடுங்களா? அந்தப் பழைய லேப்டாப் விஷயமா…

நாத்தனார்: சொல்லுங்க, நான் அவர் தங்கச்சி. அண்ணியும் இங்கதான் இருக்காங்க.

ரிப்பேர்க்காரர்: மன்னிச்சுக்குங்க, ஒண்ணும் பண்ண முடியாது. மதர்போர்டு போயிடுச்சு.

நாத்தனார்: அப்பாடா… இல்ல, ஐயையோ.

ரிப்பேர்க்காரர்: ஆனா சார்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. தன் பாட்டில் ஒழுகினதுன்னு ரொம்ப வருத்தப்பட்டார். தண்ணி உள்ளயே போகலைங்க. அடியில ரப்பர் கால்கிட்ட ஒரு சொட்டு அடையாளம், அவ்வளவுதான்.

நாத்தனார்: தெரியும். டீதானே?

ரிப்பேர்க்காரர்: டீ இருக்குங்க. கீபோர்டுக்குக் கீழ பழுப்பா ஒட்டுது. நல்ல சர்க்கரை. ரெண்டு எறும்புகூட இருக்கு.

நாத்தனார்: அது நான்தாங்க. நான்தான் கொட்டினேன்.

ரிப்பேர்க்காரர்: அப்படியா? ஆனா அந்த டீ போர்டைத் தொடவே இல்லைங்க.

நாத்தனார்: என்னது?

ரிப்பேர்க்காரர்: அதுக்கு அடியில வெள்ளையா ஒண்ணு காஞ்சு கெட்டியா கிடக்கு, போர்டு பூரா. புதுச் சட்டைக் காலர் மாதிரி விறைப்பா இருக்கு. டீ வந்து அது மேலதான் நிக்குது. என்னைக் கேட்டா, துணிக்குப் போடற கஞ்சிம்பேன். இந்தத் தொழில்ல இன்னிக்குத்தான் முதல் தடவை பார்க்கறேன். போர்டை முடிச்சது அதுதான்.

நாத்தனார்: …கஞ்சி.

ரிப்பேர்க்காரர்: சார் அஞ்சு மணிக்கு வர்றேன்னிருக்கார். சீட்டுல காரணம்னு ஒரு இடம் இருக்கு. தண்ணின்னே எழுதிடட்டுமா? வீட்டு விஷயம், நமக்கெதுக்குன்னு பார்த்தேன்.

அண்ணி: வேண்டாங்க.

ரிப்பேர்க்காரர்: யாரு, மேடமா?

அண்ணி: ஆமா. பார்த்ததை எழுதுங்க. எது அடியில, எது மேலன்னும் எழுதிடுங்க.

ரிப்பேர்க்காரர்: சரிங்க மேடம். வெச்சுடறேன்.

நாத்தனார்: …அண்ணி.

அண்ணி: இன்னும் எத்தனை கேள்வி பாக்கி இருக்கு?

நாத்தனார்: அண்ணி, நான் பட்டனை அமுக்கிட்டுப் போய் டீ போட்டு எடுத்துட்டு வந்தேன். திரை கறுப்பாத்தான் இருந்துது. எப்பவும் அப்படித்தானே இருக்கும்னு…

அண்ணி: எப்பவும் அப்படித்தான் இருக்கும்.

நாத்தனார்: அப்ப கஞ்சி முதல்ல. நான் டீ போடறதுக்கு முன்னாலயே.

அண்ணி: ம்.

நாத்தனார்: சட்டைக்குப் போடக் கரைச்சு எடுத்துட்டு வந்திருப்பீங்க… கை தவறிடுச்சு. என்னை மாதிரி. அப்படித்தானே? அண்ணன்கிட்ட அப்படிச் சொல்லிடலாம். மணி அஞ்சு ஆகலை. கை தவறிடுச்சுன்னா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார், கடைக்கும் தூக்கிட்டுப் போக மாட்டார். அண்ணி, சொல்லுங்க. கை தவறிடுச்சுதானே?

அண்ணி: மேஜை பாழாகக் கூடாதுன்னு அடியில பழைய துணி நாலு மடிப்பு விரிச்சேன். கெட்டியா ஒரு கிண்ணம் கரைச்சு, கட்டி இல்லாம வடிகட்டி, கீபோர்டு இடது ஓரத்துலேர்ந்து ஒவ்வொரு வரிசையா ஊத்தினேன். பதினெட்டு வருஷத்துல என் கை ஒரு தடவையும் தவறினதில்லை. நீ போய் அந்த செருப்பு ஸ்டாண்ட்லேர்ந்து பாட்டிலை எடுத்துட்டு வந்து இந்த மேஜை மேல வை, இன்னிக்கு அவர் உட்கார்ந்து தண்ணி குடிக்கட்டும், குடிச்சு முடிச்சதும் நானே சொல்றேன். அதுக்கு முன்னால அந்த மூணாவது கேள்விக்குப் போ… வாங்க முடிவு செய்தவர் யாருன்னு இருக்குல்ல? கணவர்ங்கறதை அழிச்சுட்டு, மனைவின்னு போடு.