பவளத்துக்கு ஆறு டியூப்

உயிருள்ள கடல் பவளம் வளர்க்கும் தொட்டிக்கு டியூப்லைட் வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்யும் தப்பு, வெளிச்சத்தைக் கண்ணால் அளப்பது. நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருப்பது பவளத்துக்குப் போதாது. அதற்கு வெள்ளையோடு நீலமும் வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு முப்பது வருடமாக லென்ஸ் தேய்க்கிறவன் நான். வெளிச்சத்தைப் பற்றி என்னிடம் யாரும் கதை விட முடியாது. நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

தொட்டி எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. எதிரே அண்ணனின் கட்டில், கட்டிலோரம் ஆக்சிஜன் மெஷின். அவருக்கு நுரையீரல் கெட்டு ஆறு வருடம். மூக்கில் அந்தக் குழாய் இல்லாமல் பத்து நிமிடம் தாங்க மாட்டார் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அண்ணி பள்ளிக்கூட டீச்சர். காலையில் அவர் கிளம்பினால் சாயங்காலம் வரை அண்ணன் என் பொறுப்பு. அதற்காகவே கடை வேலையை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

அப்பா போன பிறகு படிப்பை விட்டுவிட்டு என்னை வளர்த்தவர் அண்ணன். அதை அவர் மறந்ததில்லை, என்னை மறக்க விட்டதும் இல்லை. ஐம்பத்தோரு வயதாகித் தலை நரைத்த பிறகும், வருகிறவர் போகிறவர் முன்னால் நான் 'பொடியன்'தான். தொட்டி வந்த அன்று, "கல்யாணம் பண்ணிக்கத் துப்பில்ல, கல்லைக் குளிப்பாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான் பொடியன்" என்றார். அவரைப் பார்க்க வந்திருந்த டாக்டர்கூடச் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பழைய டியூப் இரண்டும் மங்கி, பவளம் பழுப்படிக்கத் தொடங்கியது. மீன்தொட்டிக் கடைக்குப் போனேன்.

"நாலு போடுங்க சார், போதும். ஆறு போட்டா கலர் இன்னும் தூக்கும், ஆனா கரண்ட் போனா இன்வெர்ட்டர் தாங்கணும்ல. வீட்ல அதுல வேற என்ன ஓடுது?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஒரு ஃபேன்" என்றேன்.

"அப்ப ஆறே போட்டுடலாம்."

அவர் உங்கள் ஸ்டேஷனில் சொன்னது உண்மைதான். நல்ல மனிதர், அவரை அலைக்கழிக்காதீர்கள். ஆக்சிஜன் மெஷினும் அதே இன்வெர்ட்டரில்தான் ஓடுகிறது. மெஷினோடு நாலு டியூப் தாங்கியிருக்கும். ஆறு தாங்காது.

மூன்று வெள்ளை, மூன்று நீலம் மாட்டினேன். பவளங்கள் அப்படி விரிந்து நான் பார்த்ததே இல்லை. "என்னடா பொடியா, வீட்டை ஆஸ்பத்திரிப் பிணவறை மாதிரி ஆக்கிட்ட" என்றார் அண்ணன். அண்ணி, "அழகாத்தான் இருக்கு. இன்வெர்ட்டர் தாங்குமா தம்பி?" என்றார். கடையில் கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன் என்றேன்.

ஒன்பதாம் நாள் பராமரிப்பு வேலைக்காகக் காலை பத்து மணியிலிருந்து கரண்ட் இருக்காது என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். மாற்று ஆக்சிஜன் சிலிண்டரை அன்று காலை நிரப்பக் கொடுத்தனுப்பியது நான்தான். ஆமாம், அதில் பாதி மிச்சம் இருந்தது. அரைகுறையாக எதையும் வைத்திருக்க எனக்குப் பிடிக்காது.

கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் கத்திவிட்டு நின்றது. மெஷினும் நின்றது, டியூப்களும் அணைந்தன. ஏதாவது ஒரு பிளக்கைப் பிடுங்கினால்தான் இன்வெர்ட்டரை மறுபடி போட முடியும். தொட்டியின் பிளக் சோபாவுக்குப் பின்னால், எனக்கோ இடுப்பு வலி. மெஷினின் பிளக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெளிச்சம் கொஞ்ச நேரம் தவறினாலும் பவளம் செத்துவிடும் என்ற பதற்றம் வேறு. மெஷினைப் பிடுங்கிவிட்டு பட்டனை அழுத்தினேன். ஆறு டியூபும் எரிந்தன.

"தம்பி, அந்த வயரு..." என்றார் அண்ணன். எனக்கு நினைவு தெரிந்து அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அன்றுதான். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். அதன் பிறகு கூப்பிடவில்லை.

அண்ணி வரும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் நல்லது என்று தோன்றியது. சோபாவை நகர்த்தி, தொட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மெஷினை மாட்டி, அண்ணனின் மூக்கில் குழாயைச் சரிசெய்தேன். பிறகு வீட்டில் கூட்டம் கூடிவிட்டதால் இரண்டு நாளைக்கு யாருக்கும் தொட்டி விளக்கைப் போடத் தோன்றவில்லை. பவளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.