இரண்டடி நீண்ட படகு

— ரேவின், இந்த டேப்பை அந்த முனையில பிடி. இழுக்காதே, சும்மா பிடி.

— பிடிச்சுட்டேன். எத்தனை தடவைதான் அளப்ப மர்ரே? நீ அளக்க அளக்கப் பலகை வளரவா போகுது?

— வளர்ந்துருச்சே! நான் கம்ப்யூட்டர்ல வரைஞ்சதை விட ரெண்டடி கூட இருக்கு.

— கடையில பலகை வெட்டுற மிஷின் தப்பா வெட்டியிருக்கும்.

— மிஷினுக்கு என்ன தெரியும்? ஃபைல்ல இருக்கிற கோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போகும், அவ்வளவுதான். அனுப்புனதைத்தான் வெட்டுனேன்னு கடைக்கார க்ளைவ் சத்தியம் பண்றான்.

— சரி விடேன், பார்க்க நல்லாத்தானே இருக்கு. போன தடவை நீயே ரம்பத்தால அறுத்த படகு, பாவம், ஒரு பக்கமாச் சாய்ஞ்சுக்கிட்டு வட்டம் போட்டுச்சு.

— பேச்சை மாத்தாதே. இங்க பாரு, இன்னொரு சீட்டுக்கும் வெட்டு விழுந்திருக்கு. நான் ஒரு சீட்டுதானே வரைஞ்சேன்? ஏய், ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிற?

— ஆமா, நான்தான்! போதுமா? நீ மீன் பிடிக்கப் போயிருந்தப்போ ஃபைலைத் திறந்து படகை ரெண்டடி இழுத்து விட்டேன்.

— அடிப்பாவி! உனக்கு அந்த சாஃப்ட்வேர் எப்படித் தெரியும்?

— குளிர்காலம் பூரா உன் முதுகுக்குப் பின்னாடி டீக்கோப்பையோட நின்னது யாராம்? பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான்.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

— நான் ஏன் கேக்கணும்? நீல்ல கூப்பிட்டிருக்கணும்! சனிக்கிழமை விடிஞ்சா தூண்டிலைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுற. பிள்ளைங்களும் ஆக்லாந்து போயாச்சு. நான் ஒருத்தி இந்த ஜன்னல்ல உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கேன். நீ ஒத்தை ஆள் படகு வரையறதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சு மர்ரே.

— உனக்குப் படகுன்னாலே குமட்டும்னு நினைச்சேன்மா.

— ஒரே ஒரு தடவை வாந்தி எடுத்தேன். அதுவும் கல்யாணத்துக்கு முந்தி! இப்ப என்ன, பலகை எல்லாம் வீணா? திரும்ப வெட்டணுமா? கோபமா இருந்தா திட்டிடு.

— அந்தச் செம்புக்கம்பியை எடு. அடிப்பலகையையும் பக்கப்பலகையையும் சேர்த்துத் தைக்கலாம். ஓட்டைக்கு ஓட்டை ஒத்துப்போகுதா பாரு.

— அட, அம்சமா உட்காருதே! பார்த்தியா, எனக்கும் படகு கட்ட வரும்.

— வரும், வரும். நீ இழுத்தது பக்கப்பலகையை மட்டும்தான். அடிப்பலகையைத் தொடவே இல்ல.

— ஐயோ! அப்புறம் எப்படிப் பொருந்துச்சு?

— அதை நான் இழுத்தேன். இழுத்துட்டுத்தான் ஃபைலையே க்ளைவுக்கு அனுப்புனேன்.